பழைய ஹைலக்ஸின் ஸ்டியரிங் ஆட்டம்: பெட்டியைத் தொடுவதற்கு முன்

11.01.2025, கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

என்னிடம் இருப்பது 1994இல் தயாரான டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என். 106 டபிள் கெப். முன்னுக்கும் லீஃப் ஸ்பிரிங்தான். நான்கு சில்லும் இழுக்கும். ஸ்டியரிங்கை அரைச் சாண் திருப்பிய பிறகுதான் சில்லு அசைகிறது. ஆனையிறவைக் கடக்கும்போது வாடைக்காற்று அடித்தால் வாகனத்தை ஒரு நேரில் பிடித்து வைக்க முடிவதில்லை. ஸ்டியரிங் பெட்டியின் தலையிலுள்ள திருகாணியை இறுக்கினால் போதும் என்று ஒரு கராஜில் சொல்கிறார்கள். பெட்டி முடிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று இன்னொரு கராஜில் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

12.01.2025

இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். ஆட்டம் எங்கே இருக்கிறது என்பதை அந்த இரண்டு கராஜிலும் வாகனத்தின் கீழே படுத்து யாரும் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. பார்க்காமல் பெட்டியின் மேல் பழி போடுவதுதான் இந்த வாகனங்களுக்கு நேரும் முதல் கேடு.

உங்கள் கை திருப்பும் திருப்பம் சில்லுக்குப் போய்ச் சேரும் வழியை முதலில் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஸ்டியரிங் வளையத்திலிருந்து தண்டு, தண்டின் அடியிலுள்ள மூட்டு, அதற்குக் கீழே பெட்டி, பெட்டியிலிருந்து தொங்கும் ட்றொப் ஆர்ம், அதிலிருந்து செசியின் (வாகனத்தின் அடிச்சட்டத்தின்) ஓரமாக முன்பின்னாக ஓடும் ட்றாக் லிங்க், அது போய்ச் சேரும் வலப்பக்க நக்கிளின் (அச்சின் முனையில் சில்லைத் தாங்கித் திரும்பும் பாகத்தின்) கை, அங்கிருந்து குறுக்கே ஓடி இடப்பக்க நக்கிளைத் திருப்பும் ரை ரொட் என்று அந்த வழி நீள்கிறது. இந்த வழியில் ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால் போதும். எந்த மூட்டும் தனியே பார்க்கும்போது மோசமாகத் தெரியாது, ஆனால் எல்லாம் கூடி வளையத்தின் விளிம்பில் அரைச் சாணாக வந்து நிற்கும். இத்தகைய வாகனங்களுக்கு டொயோட்டா கைநூல்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் எல்லை, வளையத்தின் விளிம்பில் 30 மி.மீ. ஆகும். நீங்கள் கூறும் அளவு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

சோதனைக்கு இருவர் வேண்டும். வாகனத்தை மட்டமான நிலத்தில் நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்சில்லுகள் நேராக இருக்கும்படி விடுங்கள். ஜக் போட்டுத் தூக்க வேண்டாம். பாரம் சில்லின் மேல் இருக்கும்போதுதான் ஆட்டம் தன் உண்மையான அளவைக் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே இருந்து வளையத்தை இடமும் வலமுமாக மெல்ல ஆட்ட வேண்டும். பெரிதாகத் திருப்பக் கூடாது. சில்லு அசையத் தொடங்கும் இடம் வரை மட்டும் போய்த் திரும்பினால் போதும். மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் உள்ளங்கையால் பொத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு உறுப்பும் ஒன்றாக நகர்ந்தால் அந்த மூட்டு நல்லது. ஒன்று நகர்ந்து மற்றது சற்றுத் தாமதித்து வந்தால் அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும். சிறிய ஒரு 'டக்' என்று தோலில் உறைக்கும்.

பெட்டியின் மேலே நுழையும் தண்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடும் கீழே ட்றொப் ஆர்மில் ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள். மேல் தண்டு நகர்ந்து ட்றொப் ஆர்ம் நகராமல் நின்றால் மட்டுமே பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

12.01.2025, இரவு

மேலே எழுதிய ஒழுங்கில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். மற்ற எதையும் பார்ப்பதற்கு முன்னர் வலப்பக்க நக்கிளின் தலையில் ஸ்டியரிங் கையைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளைப் பாருங்கள். வயர் பிரஷால் சேற்றைத் துடைத்த பின்னர், நட்டைச் சுற்றித் துருப் பொடி செம்மண் நிறத்தில் வழிந்திருக்கிறதா, ஸ்டியரிங் கைக்கும் நக்கிளுக்கும் நடுவே மினுமினுப்பான ஒரு கோடு தெரிகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அந்த நட்டுகள் தளர்ந்து, உலோகத்தோடு உலோகம் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நட்டுகள் பூட்டியிருக்கும் ஸ்டட்டுகள் (தலையில்லாத புரியாணிகள்) ஒவ்வொன்றாக முறிந்தால் ஸ்டியரிங் முழுவதுமே கையை விட்டுப் போய்விடும். டொயோட்டாவின் இந்த வகை முன்னச்சுகளில் இது நன்கு அறியப்பட்ட நோய். ஆட்டம் என்பது தொல்லை. இதுவோ உயிர் சம்பந்தப்பட்டது. தளர்ந்திருக்கக் கண்டால் வீதியில் ஓட்டாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

14.01.2025

கேள்வி கேட்டவர் சோதித்து எழுதியிருக்கிறார். நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றன. மேல் தண்டும் ட்றொப் ஆர்மும் ஏறத்தாழ ஒன்றாகவே நகர்கின்றன. ஆனால் ட்றொப் ஆர்ம் நகர்ந்த பின்னரும் ட்றாக் லிங்க் ஒரு கணம் சும்மா நிற்கிறது, பிறகுதான் புறப்படுகிறது. நக்கிள் பக்கத்து முனையிலும் அதே கதை. ஆகவே மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லப்பட்ட பெட்டி, இதுவரை தெரிந்த அளவில், குற்றமற்றது.

இந்த வாகனத்தின் ட்றாக் லிங்க்கைப் பற்றி இன்றைய மெக்கானிக்குகள் பலருக்குத் தெரிவதில்லை, ஏனெனில் பிந்திய ஹைலக்ஸ்களில் இது இல்லை. ரை ரொட் எண்ட் போல மூடி அடைக்கப்பட்ட உருண்டை மூட்டு அல்ல இது. குழாயின் முனையில் ஒரு குடைவு இருக்கிறது. அதற்குள் பந்துத் தலையுள்ள ஆணி, அதன் இரு பக்கமும் இரண்டு இருக்கைகள், பின்னால் ஒரு ஸ்பிரிங், எல்லாவற்றையும் அழுத்தி வைத்திருக்கும் ஒரு திருகு மூடி, மூடி கழன்று விடாமல் ஒரு கொட்டர்பின் என்று அது அமைந்திருக்கிறது. முப்பது வருடச் சேறும் தண்ணீரும் உள்ளே போனால் இருக்கைகள் தேய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்து, பந்து உள்ளே முன்னும் பின்னும் ஓடத் தொடங்கும். உங்கள் திருப்பத்தில் பாதி அந்த ஓட்டத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். கொட்டர்பின்னைக் கழற்றி எறியுங்கள். பழையதை நிமிர்த்தி மீண்டும் போடக் கூடாது. மூடியில் உள்ள வெட்டுக்குப் பொருந்தும் அகலமான பட்டைத் தகட்டால் மூடியைத் திருகிக் கழற்றுங்கள். துருப்பிடித்து அசையாவிட்டால் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு பொறுங்கள். சூடு காட்டுவது கடைசி வழி, அதுவும் உள்ளிருக்கும் பாகங்களை மாற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும். உள்ளே இருப்பவற்றை வரிசையாக ஒரு துணியில் அடுக்கி வையுங்கள், ஏனெனில் இரு முனைகளிலும் ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஒன்றாக இல்லாமல் போகலாம். பந்தைத் துடைத்து விரலை ஓட்டுங்கள். உருண்டையாக இருந்தால் இருக்கைகளையும் ஸ்பிரிங்கையும் மட்டும் மாற்றினால் போதும். முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் அந்தப் பந்து இருக்கும் ட்றொப் ஆர்மையோ ஸ்டியரிங் கையையோ சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். மீண்டும் பூட்டும்போது மூடியை முழுதாக இறுக்கி, பிறகு கைநூல் கூறும் அளவுக்குப் பின்னோக்கித் தளர்த்தி, கொட்டர்பின் துளைக்கு நேர் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். இறுக்கியபடியே விட்டால் பந்து திரும்ப முடியாமல் பிடித்துக்கொள்ளும்; வாகனத்தின் லீஃப் ஸ்பிரிங் மேலும் கீழும் ஏறி இறங்கும்போது அந்தப் பிடி ஸ்டியரிங்கில் உதறும்.

கிறீஸ் நிப்பிள் இருக்கும். அடைத்திருந்தால் மாற்றுங்கள். வயலுக்குள் இறங்கும் வாகனமென்றால் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னும் பின்னும், பழைய கிறீஸ் வெளியே வந்து புதியது தெரியும் வரை கிறீஸ் அடிக்க வேண்டும்.

15.01.2025

ரயரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆட்டம் வேறு, அலைச்சல் வேறு. வளையம் வெறுமனே திரும்புவது ஆட்டம். வளையத்தைப் பிடித்திருந்தும் வாகனம் தன்பாட்டில் இங்குமங்கும் போவது அலைச்சல். மூடை ஏற்றுவதற்காகப் பின்ரயரில் காற்றைக் கூட்டிவிட்டு முன்ரயரை மறந்து ஓட்டும் கெப்களில் பாதி அலைச்சல் அங்கேயே இருக்கிறது. சோதனை தொடங்கும் முன்னர் முன்ரயர் இரண்டிலும் ஒரே அளவு காற்று இருக்கட்டும். இரண்டு ரயரும் ஒரே வகையாகவும் ஒரே தேய்மானத்திலும் இருப்பது நல்லது.

19.01.2025

மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது, ஹப் பேரிங்கை இறுக்கியும் நிற்கவில்லை, ஏன்?

சில்லு சுழலும் ஹப் பேரிங்கும் நக்கிள் திரும்பும் கிங்பின் பேரிங்கும் ஒரே மாதிரி ஆட்டத்தைத்தான் கைக்குக் காட்டும். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. முன்னச்சை ஜக்கால் தூக்கி, செசிக்குக் கீழே உறுதியான ஸ்டாண்ட் வைத்துவிட்டு, ரயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்ததும் இன்னொருவரை உள்ளே ஏறிக் கால்பிறேக்கை நன்றாக மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். முன்பிறேக் டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பர் நக்கிளில் பூட்டியிருப்பதால், பிறேக்கை மிதித்ததும் ஹப்பும் நக்கிளும் ஒன்றாகிவிடுகின்றன. அப்போது ஆட்டம் மறைந்தால் குற்றம் ஹப் பேரிங்கில். மறையாமல் இருந்தால் கிங்பின் பேரிங்கில். ரயரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால், ரை ரொட் எண்ட்டையும் ட்றாக் லிங்க்கையும் பாருங்கள்.

ஹப் பேரிங் என்றால் வேலை சிறிது. ஃபிரீவீல் ஹப்பைக் கழற்றினால் உள்ளே இரண்டு பெரிய நட்டுகளும் நடுவே காது மடித்த பூட்டுத் தகடும் இருக்கும். அந்த நட்டுக்கு 54 மி.மீ. சொக்கட் வேண்டும். இரும்பு உளியையும் சுத்தியலையும் வைத்து அந்த நட்டைச் சுற்றும் வழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. அப்படிச் சுற்றிய நட்டில் விளிம்புகள் சிதைந்து, அந்த இரும்புத்தூள் நேரே பேரிங்குக்குள் விழுகிறது. சொக்கட் ஒன்று வாங்கி வைத்தால் வாழ்நாளுக்குப் போதும்.

கிங்பின் பேரிங் என்றால் வேலை பெரிது, ஆனால் பலன் அதைவிடப் பெரிது. நக்கிளுக்குள் இருக்கும் அச்சு முனையின் உருண்டைக்கு மேலும் கீழும் இரண்டு பேரிங்குகள் இருக்கின்றன. வாகனம் தன் ஆயுளில் பெரும்பங்கை நேராகவே ஓடிக் கழிப்பதால், உருளைகள் அந்த ஒரே இடத்தில் நின்று அதிர்ந்து அதிர்ந்து, அடியிலுள்ள பேரிங் வளையத்தில் மெல்லிய பள்ளங்களைப் பதித்துவிடுகின்றன. கழற்றிய வளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உருளைகளின் தடம் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் வரிவரியாகத் தெரியும். நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு வரியிலும் நகம் சற்றுத் தடுக்கும். அந்தப் பள்ளத்தில் உருளை விழுந்திருக்கும்போது சில்லு ஒரு பக்கம் போக மறுக்கும். சற்று அழுத்தினால் பள்ளத்திலிருந்து எகிறி அளவுக்கு மேல் போய்விடும். ஆனையிறவில் உங்கள் வாகனம் காற்றோடு மல்லுக்கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக் கூடும்.

பழைய பேரிங்கை எடுத்த பிறகு அதனோடு வரும் மெல்லிய இடைத்தகடுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மேலே எத்தனை, கீழே எத்தனை, எந்தத் தடிப்பு என்பதை எழுதி வையுங்கள். பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிப்பவை அவைதான். புதிய பேரிங்குகளைப் பூட்டிய பின்னர், ரை ரொட் எண்ட் வரும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொளுவி இழுத்து, நக்கிள் திரும்பத் தொடங்கும் இழுவிசை கைநூலில் உள்ள எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உருண்டையைத் துடைக்கும் றப்பரும் ஃபெல்ட்டும் அடங்கிய சீல் என்ற அடைப்பைப் பூட்டுவதற்கு முன்னரே இந்த அளவை எடுக்க வேண்டும், ஏனெனில் சீலின் உராய்வு தராசில் கூடுதலாகக் காட்டும்.

ஸ்டியரிங் கையின் நட்டுகளுக்கு அடியில் கூம்பு வடிவ வாஷர்கள் இறுகிப் போயிருக்கும். நட்டைக் கழற்றினாலும் ஸ்டியரிங் கை வராது. அலவாங்கை நுழைத்து நெம்புவது தகாது. பித்தளைச் சுத்தியலால் கையின் பக்கவாட்டில் சில அடிகள் கொடுத்தால் வாஷர்கள் தாமாகவே துள்ளி வெளியே வரும்.

உருண்டைக்குள் இருக்கும் கிறீஸ் தண்ணீராக ஓடினால் அச்சின் உட்சீல் போய் டிஃபரன்ஷியல் எண்ணெய் கலந்திருக்கிறது. அந்தச் சீலை மாற்றாமல் புதிய பேரிங்கைப் போடுவது வீண் செலவு.

23.01.2025

பெட்டியின் தலையிலுள்ள திருகாணியைப் பற்றி விரிவாக எழுதும்படி கேட்டிருந்தார்கள். எனக்கும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பெட்டிக்குள் ஒரு புழுத்தண்டு இருக்கிறது. அதன் பள்ளத்தில் குண்டுகள் உருண்டு சுற்றுகின்றன. அந்தக் குண்டுகளின் மேல் ஒரு பெரிய நட்டு முன்னும் பின்னும் ஓடுகிறது. நட்டின் பக்கத்திலுள்ள பற்கள் ட்றொப் ஆர்ம் தொங்கும் தண்டின் பற்களோடு கவ்வுகின்றன. திருகாணி அந்தத் தண்டை மேலிருந்து அழுத்தி, பற்கள் ஒன்றையொன்று நெருங்கும்படி செய்கிறது. பெட்டியை வடிவமைத்தவர்கள் நேராக ஓடும் நடு நிலையில் பற்கள் மிக நெருக்கமாகவும், இரு ஓரங்களுக்குப் போகப் போகச் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். கிங்பின் பேரிங்கைப் போலவே இங்கும் தேய்மானம் நடுவில்தான் விழுகிறது. ஆகையால் பழைய பெட்டியில் நடுப்பகுதி தளர்ந்தும் அதற்கு இரு பக்கத்திலும் உள்ள பற்கள் ஏறத்தாழப் புதியவையாகவும் இருக்கும். நடுவின் தளர்வு போகும் வரை திருகாணியை இறுக்கினால், தேயாத பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்த ஒருவருடைய கெப்பில் இப்படித்தான் ஒரு கராஜில் இறுக்கிக் கொடுத்தார்கள். நேரே ஓடும்போது கல் மாதிரி உறுதியாக இருந்தது. அவரும் மகிழ்ந்துதான் வந்தார். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பியபோது வளையம் தானாகத் திரும்பி வரவில்லை, அவர் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. திருப்பம் முடிந்த பின்னரும் திரும்பியபடியே நிற்கும் ஸ்டியரிங், ஆடும் ஸ்டியரிங்கைவிடப் பல மடங்கு ஆபத்தானது. ஆடும் ஸ்டியரிங்கை ஓட்டுநர் அறிந்து வைத்திருக்கிறார். பிடித்துக்கொள்ளும் ஸ்டியரிங் அவர் எதிர்பாராத நேரத்தில்தான் தன்னைக் காட்டுகிறது.

திருகாணியைத் தொடவே கூடாதா என்றால், தொடலாம். மற்ற மூட்டுகள் எல்லாம் சரியாக்கப்பட்ட பின்னர், ட்றாக் லிங்க்கை ட்றொப் ஆர்மிலிருந்து கழற்றிவிட்டு, பெட்டி தனியே நிற்கும்போது, சரியாக நடு நிலையில் வைத்து, பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகாணியை மிகச் சிறிய அளவாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கேனும் ஓரிடத்தில் கனம் தெரிந்தால் உடனே பின்வாங்க வேண்டும். சில்லுகள் பூட்டியபடி, வாகனத்தின் பாரம் முழுவதும் அதன் மேல் இருக்கும்போது இறுக்குபவருக்கு இந்தக் கனம் தெரிய வழியே இல்லை.

02.02.2025

வவுனியாவிலிருந்து ஒருவர், பிறேக் பிடிக்கும்போது மட்டும் வாகனம் ஒரு பக்கம் வெட்டுகிறது, பிறேக்கைப் பலமுறை சரிபார்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறார். முன் லீஃப் ஸ்பிரிங்கைப் பாருங்கள் என்பதே என் பதில். ட்றாக் லிங்க் முன்பின்னாக ஓடுவதால், அச்சு முன்பின்னாக நகர்ந்தாலோ உருண்டாலோ அது ஸ்டியரிங்கைத் திருப்பியதற்குச் சமம். பிறேக் பிடிக்கும்போது அச்சு முன்னோக்கி உருள முயல்கிறது. நல்ல ஸ்பிரிங்கும் இறுக்கமான யூ-போல்ட்டும் அதைத் தடுத்து வைக்கின்றன. ஷக்கிள் புஷ் (ஸ்பிரிங்கைச் செசியோடு இணைக்கும் துண்டின் றப்பர்) அரைந்து, ஸ்பிரிங்கின் தகடுகள் சோர்ந்து, நடு ஆணி முறிந்திருந்தால் தடுப்பதற்கு எதுவும் இல்லை. ஷக்கிளுக்கும் ஸ்பிரிங்கின் கண்ணுக்கும் நடுவே அலவாங்கின் நுனியை வைத்து நெம்பிப் பாருங்கள். றப்பர் நொருங்கியிருந்தால் இரும்பு இரும்பில் இடிக்கும் ஒலி கேட்கும்.

பெட்டியைச் செசியில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் அப்போதே பாருங்கள். வளையத்தை ஆட்டும்போது பெட்டியே செசியில் அசைந்தால், போல்ட்டு தளர்ந்திருக்கலாம், அல்லது அந்த இடத்தில் செசி வெடித்திருக்கலாம். பெரிய ரயர் போட்ட வாகனங்களில் பின்னதைக் கண்டிருக்கிறேன். பெயின்ட்டில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். அந்த வெடிப்பை வெல்ட் செய்வது அனுபவமுள்ளவரின் வேலை.

09.02.2025

ஸ்டியரிங் டாம்பர் புதிதாகப் போட்டதும் ஆட்டம் போய்விட்டது என்று ஒருவர் உறுதியாக எழுதுகிறார். அவர் சொல்வதை நம்புகிறேன், ஆனால் போனது ஆட்டமல்ல, உதறல். டாம்பர் வேகமான அசைவைத் தாங்கி மெதுவாக்கும் ஒரு ஷொக் அப்சோர்பர்; தேய்ந்த மூட்டில் உள்ள இடைவெளியை அது அடைக்காது. உதறல் மறைவதால் ரை ரொட் எண்ட் கழன்று விழும் நாள் வரை ஓட்டுநருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காமல் போகிறது.

12ஆம் திகதி எழுதியபோது டாம்பரை நான் குறிப்பிடவில்லை. சோதனைக்கு முன்னர் அதன் ஒரு முனையைக் கழற்றிவிடுவது நல்லது என்று இப்போது சேர்க்கிறேன். அது பூட்டியிருக்கும்போது ரை ரொட்டின் சிறு தாமதங்கள் கைக்கு மங்கலாகத்தான் தெரிகின்றன. கழற்றிய டாம்பரைக் கையால் இழுத்தும் அழுத்தியும் பாருங்கள். இரு திசையிலும் ஒரே சீரான கனம் இருந்தால் மீண்டும் பூட்டலாம்.

16.02.2025

உதிரிப்பாகங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கெப்களை வைத்திருப்பவர்கள் அவற்றைக் கைவிடவில்லை; 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டிருந்தாலும், வரியோடு சேர்த்து வரும் விலையில் ஒரு விவசாயி புதிய கெப் வாங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகையால் இந்த வாகனங்களை ஒழுங்காகப் பேணுவது நமக்கு விருப்பம் சார்ந்த விடயமல்ல, தேவை.

கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் ரை ரொட் எண்ட் வாங்கும்போது அது வரும் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பொருளைக் கையில் எடுத்து ஆணியை விரலால் ஆட்டுங்கள். நல்ல புதிய எண்ட் விரலுக்கு இலேசில் அசையாது, ஆனால் அசையும்போது எல்லாத் திசையிலும் ஒரே கனத்தில் அசையும். தொங்கிப்போய் விழுவதையும், ஓரிடத்தில் தடுக்குவதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். றப்பர் உறையை அழுத்தினால் உடனே மீள வேண்டும். ஆணியின் கூம்பும் வாகனத்தின் துளையும் பொருந்துவதை உறுதிசெய்யப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு முனை வலப்புரி, மற்றது இடப்புரி என்பதை மறந்து இரண்டும் ஒரே புரியில் வாங்கி வந்தவர்களை நான் அறிவேன்.

பழைய எண்ட்டைக் கழற்றும்போது ஆணியின் நுனியில் சுத்தியலால் அடிக்க வேண்டாம். ஆணி இருக்கும் கண்ணின் இரு பக்கமும் இரண்டு சுத்தியல்களால் ஒரே நேரத்தில் அடித்தால் கூம்பு விட்டுக்கொடுக்கும். இழுவைக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. புரியிலிருந்து கழற்றும்போது சுற்றுகளை எண்ணி எழுதிக்கொண்டால், புதியதை ஏறத்தாழ அதே இடத்தில் நிறுத்தலாம்.

01.03.2025

கிளிநொச்சி வாசகர் ட்றாக் லிங்க்கின் இரு முனைகளையும் புதுப்பித்து, வலப்பக்கக் கிங்பின் பேரிங்குகளையும் ஒரு ரை ரொட் எண்ட்டையும் மாற்றியிருக்கிறார். வளையத்தின் விளிம்பில் ஆட்டம் இப்போது இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்குகிறது. பெட்டியை அவர் தொடவில்லை. இடப்பக்கக் கிங்பின் பேரிங்குகளை ஏன் விட்டுவிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. அவையும் அதே வயதுடையவைதான். அடுத்த அறுவடைக்கு முன்னர் அவற்றையும் செய்துவிட வேண்டும்.

இப்போது வளையம் சற்றுக் கோணலாக நிற்கிறது, கழற்றி நேராகப் போடலாமா என்று கேட்கிறார். கூடாது. பெட்டியின் நெருக்கமான நடுப்புள்ளி, சில்லு நேராக நிற்கும் இடத்தோடு ஒத்திருக்க வேண்டும். வளையத்தை மட்டும் கழற்றி நேராக்கினால் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் நேரே ஓடும்போது பெட்டி தன் தளர்ந்த பகுதியில் வேலை செய்யும். போக்கிய ஆட்டம் வேறு வடிவில் திரும்பி வரும். முதலில் ஓரத்திலிருந்து ஓரம் வரை வளையம் எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்தி, ட்றொப் ஆர்மின் அடையாளக் கோடு தண்டின் கோட்டோடு சேர்கிறதா என்று பாருங்கள். அது சேர்ந்து, லிங்க்கும் சரியாகப் பூட்டப்பட்டு, அப்போதும் சில்லு நேராக இல்லாவிட்டால், வழியில் எங்கோ ஓர் உறுப்பு வளைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

டோ-இன் அளவை, அதாவது முன்சில்லுகள் முன்பக்கத்தில் எவ்வளவு உள்நோக்கி நிற்கின்றன என்பதை, வீட்டிலேயே எடுக்கலாம். இரு முன்ரயர்களின் நடுவிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, ஹப்பின் உயரத்தில் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு உள்ள தூரத்தை அளந்து, பிறகு அந்தக் கோடுகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்படி வாகனத்தை முன்னோக்கி உருட்டி மீண்டும் அளக்க வேண்டும். முன்பக்கத் தூரம் பின்பக்கத்தைவிடச் சற்றே குறைந்திருக்க வேண்டும். சரியான அளவு உங்கள் ரயரின் வகையைப் பொறுத்துக் கைநூலில் இருக்கும். முன்பக்கம் அகன்றிருந்தால் எத்தனை புதிய பாகம் போட்டாலும் அலைச்சல் தீராது. திருத்திய பின்னர் ரை ரொட்டின் கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்கி, சில்லை இரு ஓரத்துக்கும் திருப்பி, அவை எதிலும் முட்டவில்லை என்பதைப் பாருங்கள்.

22.03.2025

பெரும்போக நெல் ஏற்றி இறக்கிய பின்னர் எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தீர்களா என்று கிளிநொச்சி வாசகரிடம் கேட்டிருந்தேன். ஸ்டியரிங் கையின் ஒரு நட்டு சற்று இறங்கிக் கொடுத்ததாகப் பதில் வந்திருக்கிறது. புதிதாகப் பூட்டிய கூம்பு வாஷர்கள் பாரத்தில் அமர்ந்துகொள்வதால் இது நடக்கும். ஆகவே முதல் சில நூறு கிலோமீற்றருக்குப் பின்னர் இறுக்கத்தின் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்குவது கட்டாயம். இறுக்கிய நட்டுக்கும் ஸ்டியரிங் கைக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டால், அடுத்த முறை குனிந்து பார்த்தவுடனே நட்டு நகர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

பெட்டியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. மற்ற அனைத்தும் சரியான பின்னரும் மேல் தண்டுக்கும் ட்றொப் ஆர்முக்கும் இடையே தாமதம் இருந்தால், அல்லது ட்றொப் ஆர்மை மேலும் கீழும் தூக்கினால் தண்டே ஆடினால், அல்லது அடிச்சீலில் இருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தால், அப்போது பெட்டியைக் கழற்றலாம். சீல் மட்டும் போயிருந்தால் சீல் தொகுதியை மாற்றி, டெக்ஸ்ரன் வகை ஏ.ரி.எஃப். (தானியங்கிக் கியர்ப் பெட்டிக்குரிய) எண்ணெயை நிரப்பி, முன்சில்லுகளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரத்திலிருந்து ஓரம் வரை மெல்லத் திருப்பிக் காற்றை வெளியேற்றினால் போதும். தண்டு ஓடும் பேரிங்கோ புழுத்தண்டின் பள்ளமோ தேய்ந்திருந்தால் மட்டுமே வேறு பெட்டி தேட வேண்டும். பாவித்த பெட்டி வாங்குபவர்கள் கடையிலேயே அதை நடு நிலையில் வைத்து, ட்றொப் ஆர்மைக் கையால் இறுகப் பிடித்தபடி மேல் தண்டை ஆட்டிப் பார்க்க வேண்டும். அதன் திருகாணி ஏற்கெனவே அடிவரை இறுக்கப்பட்டிருந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.